படிக்க ஆளில்லாத வரி

1986 ஆகஸ்ட். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். கிளிஃபோர்ட் ஸ்டோல் அடிப்படையில் வானியலாளர். மானியம் தீர்ந்துபோனதால் தொலைநோக்கி வேலையிலிருந்து அதே ஆய்வகத்தின் கணினி மையத்துக்கு மாற்றப்பட்டு வந்திருந்தார். வந்ததும் அவர் கையில் கொடுக்கப்பட்டது ஒரு கணக்குப் பிழை. யார் எவ்வளவு நேரம் கணினியைப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்து அதற்கேற்பப் பில் போடுவது அந்த மையத்தின் வழக்கம். அந்தக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. முக்கால் டாலர். மளிகைக் கடைக்காரர்கூடப் போகட்டும் என்று விட்டுவிடுகிற தொகை.

ஸ்டோல் விடவில்லை. தோண்டியபோது ‘ஹன்ட்டர்’ என்ற பெயரில் ஒரு பயனர் கணக்கு கிடைத்தது. பில் அனுப்ப அதற்கு முகவரியே இல்லை. அதைத் திறந்தவர் யார் என்றும் தெரியவில்லை. சரி, நீக்கியாயிற்று. சில நாளில் வேறோர் ஊரிலிருந்து புகார் வந்தது: உங்கள் கணினியிலிருந்து யாரோ எங்கள் கணினிக்குள் நுழையப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் உள்ளே இருந்தது யார் என்று பதிவேட்டைப் புரட்டினால், அது ஒரு பெயரைச் சொன்னது. ஸ்வென்டெக்.

ஜோ ஸ்வென்டெக் அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்த யூனிக்ஸ் நிபுணர். அவர் அப்போது அங்கே இல்லை. இங்கிலாந்துக்குப் போய்விட்டிருந்தார். ஆள் போய்விட்டார், அவருடைய கணக்கு மட்டும் கணினியில் அப்படியே இருந்தது. அதற்குள் யாரோ குடிவந்திருந்தார்.

அந்த யாரோ, ஜெர்மனியின் ஹனோவரில் உட்கார்ந்திருந்த மார்க்கஸ் ஹெஸ் என்ற இளைஞர். ஸ்டோல் ஏறக்குறைய பத்து மாதம் பின்தொடர்ந்தார். சுமார் 450 கணினிகளின் கதவை அந்த இளைஞர் தட்டிப் பார்த்ததும், முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் நுழைந்ததும், கிடைத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றதும் பிறகு தெரியவந்தன. துப்பறியும் நாவல் போன்ற அந்தக் கதையை ஸ்டோலே புத்தகமாக எழுதிவிட்டார். எனக்கு அந்தக் கதையில் மறக்க முடியாத இடம் தொடக்கம்தான். வராத ஒருவரின் பெயரில் வருகை பதிவாகியிருந்தது. அதைப் பார்த்ததும் உறுத்தியிருக்கவேண்டியது ஸ்வென்டெக்குக்கு. அவரோ அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருந்தார்.

ஒரு கணினிக்கு யார் வந்தார்கள் என்று கண்டுபிடிப்பது எளிது. யார் வரவில்லை என்று கண்டுபிடிப்பது எப்படி?

சாவிப் பலகையும் லெட்ஜரும்

யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதன் மூலவர்கள். இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களை ஓட்டும் லினக்ஸ், அதன் வழிவந்த வாரிசு. ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்துவது யூனிக்ஸின் அடிப்படை. பலர் வந்துபோகிற இடம் என்றால் வரவேற்பறையில் சில ஏற்பாடுகள் வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள பழைய லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேசைக்குப் பின்னால் சாவி மாட்டும் பலகை இருக்கும். எந்த ஆணியில் சாவி இல்லையோ அந்த அறையில் ஆள் இருக்கிறார். யூனிக்ஸில் அந்தப் பலகைக்கு ‘யூடிஎம்ப்’ என்று பெயர். இந்த நொடியில் உள்ளே இருப்பவர்கள் மட்டும் அதில் இருப்பார்கள். ‘ஹூ’ என்று தட்டினால் கணினி அந்தப் பலகையைப் பார்த்துப் பெயர்களை வாசிக்கும். 1971இல் வெளியான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இந்தக் கட்டளை உண்டு.

மேசைமேல் கயிறு கட்டிய பேனாவுடன் ஒரு பெரிய லெட்ஜர் கிடக்கும். வந்தவர், வந்த நேரம், போன நேரம். யூனிக்ஸில் இது ‘டபிள்யூடிஎம்ப்’. ‘லாஸ்ட்’ என்ற கட்டளை இதைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டும். இடையிடையே சுவாரசியமான குறிப்புகளும் கிடைக்கும். சிலருக்கு நேரே ‘இன்னும் உள்ளே’ என்ற பொருளில் ஒரு வரி. சிலருக்கு ‘கிராஷ்’. அதாவது அவர் விடைபெற்றுப் போகவில்லை, அதற்குள் கணினியே மயங்கி விழுந்துவிட்டது.

இந்த லெட்ஜரின் முக்கியப் பயன்களில் ஒன்று பில் போடுவது. அந்தக் காலத்தில் கணினி நேரம் பொன்போல. யார் எத்தனை மணி நேரம் இணைந்திருந்தார் என்று கூட்டிச் சொல்ல ஒரு தனிக் கட்டளையே இருந்தது. காவலுக்கென்று வைக்காத கணக்கே காவலாகவும் ஆகிவிடும் என்பதற்கு ஸ்டோலின் 75 சென்ட் சாட்சி.

ஆனால் ‘யார் வரவில்லை’ என்ற நம் கேள்விக்கு லெட்ஜர் உதவாது. அது பெருத்துக்கொண்டே போகும் என்பதால், பல சர்வர்களில் மாதம் ஒருமுறை பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்குகிறார்கள். ‘லாஸ்ட்’ கட்டளையின் கடைசி வரியைப் பாருங்கள்: இந்தப் பதிவேடு இன்ன தேதியில் தொடங்கியது என்று சொல்லி முடியும். அதற்கு முந்தைய காலம் அதற்குத் தெரியாது. எட்டு மாதமாக வராதவரும் எட்டு ஆண்டாக வராதவரும் அதன் கண்ணில் ஒன்றுதான். இரண்டு பேரும் அதில் இல்லை.

எட்டு நொடி மறதி

ஆண்டுக்கணக்கில் வராமல் இருப்பது ஒருபுறம். உள்ளே வந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது இன்னொருபுறம். திரையைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனவரை யூனிக்ஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்துக் கட்டளை, உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்று ஒரு பத்தியில் காட்டும். இதற்காக அது யாரையும் வேவு பார்ப்பதில்லை. யூனிக்ஸில் எல்லாமே கோப்பு. நீங்கள் தட்டச்சு செய்யும் திரையும் ஒரு கோப்பு. கோப்பை யாராவது படித்தால், கடைசியாகப் படித்த நேரம் அதன் மேல் குறிக்கப்படும். நீங்கள் ஒரு விசையைத் தட்டினால் கணினி அந்தத் திரைக்கோப்பிலிருந்து ஓர் எழுத்தைப் படிக்கிறது, நேரம் புதுப்பிக்கப்படுகிறது. இப்போதைய நேரத்திலிருந்து அந்த நேரத்தைக் கழித்தால் சும்மா இருந்த நேரம். ஒரே ஒரு கழித்தல் கணக்கு.

இந்த எளிமைக்குள் ஒரு பொறி இருந்தது. ஒவ்வொரு விசைக்கும் நேரம் புதுப்பிக்கப்படுகிறது என்றால், அதே கணினியில் உள்ள இன்னொருவர் அந்த நேரக்குறிப்பை விடாமல் கவனித்தால் என்ன ஆகும்? நீங்கள் பாஸ்வேர்ட் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது. ஆனால் எத்தனை முறை தட்டினீர்கள், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் கசிந்துவிடும். பக்கத்து வீட்டில் அம்மி அரைக்கும் சத்தத்தை வைத்தே இன்று என்ன குழம்பு என்று ஊகிப்பதைப் போல, விரல்களின் தாளத்தை வைத்து எழுத்துகளை ஊகிக்கலாம்.

2013இல் இது லினக்ஸின் பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவாகி, திருத்தப்பட்டது. திருத்தம் என்ன தெரியுமா? கணினிக்குக் கொஞ்சம் மறதியைக் கொடுத்தார்கள். இப்போது திரைக்கோப்பின் நேரம் எட்டு நொடிக்கு ஒருமுறைதான் நகரும். நேரத்தை இரும எண்ணாக எழுதினால் வரும் கடைசி மூன்று இலக்கங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவே. சாப்பிடப் போனவரைக் கண்டுபிடிக்க எட்டு நொடித் துல்லியம் தாராளம். தாளத்தைத் திருட அது போதாது.

‘சும்மா இருக்கிறாரா’ என்ற கேள்வி முதலில் காவல் வேலையாக எழவில்லை. 1970களின் தொடக்கத்தில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், உள்ளே இருப்போரின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, பெயர்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தேடுவார்களாம். அதைப் பார்த்த லெஸ் எர்னெஸ்ட், அந்த வேலையைச் செய்யும் நிரலை எழுதி ‘ஃபிங்கர்’ என்றே பெயர் வைத்தார். அவர் இருக்கிறாரா, கடைசியாக எப்போது தட்டினார், இப்போது போனால் ஆளைப் பிடிக்கலாமா என்று தெரிந்துகொள்ளவே அது. இன்று வாட்ஸ்அப்பில் ‘கடைசியாகப் பார்த்தது’ என்ற வரியைப் பார்த்துவிட்டு மனஸ்தாபப்படுகிறவர்கள், அதன் தாத்தா யார் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஃபிங்கர் பின்னாளில் யூனிக்ஸுக்கும் வந்து, வலையமைப்பு வழியே வெளியூர்க் கணினிகளைக்கூட விசாரிக்கும் அளவுக்கு வளர்ந்தது. 1988 நவம்பர் 2 அன்று அமெரிக்க வலையமைப்பைத் திணறடித்த மோரிஸ் புழு நுழைந்த வாசல்களில் ஒன்று, அந்த ஃபிங்கர் சேவையில் இருந்த ஓட்டை. யார் இருக்கிறார், யார் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது நல்லதல்ல என்று உலகம் உணர்ந்தது. ஃபிங்கர் மெல்ல மெல்ல மூடப்பட்டது.

மூன்று வீடுள்ள நகர்

இனி மூன்றாவது ஏற்பாடு. லாட்ஜ் மேனேஜரின் மேசை இழுப்பறைக்குள் ஒரு சின்ன டைரி. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வரி. அவர் மறுபடி வந்தால் பழைய வரியை அழித்துவிட்டு அதே இடத்தில் புதிய தேதி. எத்தனை முறை வந்தார் என்று அதில் இருக்காது. கடைசியாக எப்போது வந்தார் என்பது மட்டும் இருக்கும். இதுதான் ‘லாஸ்ட்லாக்’. ‘யார் வரவில்லை’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய டைரி இது ஒன்றுதான்.

அதன் அமைப்பு அழகானது. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. கணினிக்குப் பெயர் இரண்டாம் பட்சம், எண்ணே ஆள். நிர்வாகியான ‘ரூட்’டுக்கு எண் 0. சாதாரணப் பயனர்கள் பெரும்பாலும் 1000இலிருந்து தொடங்குவார்கள். லினக்ஸின் லாஸ்ட்லாக் கோப்பில் ஒருவருக்கு ஒதுக்கிய இடம் 292 பைட். அதில் நேரத்துக்கு 4, திரையின் பெயருக்கு 32, எந்தக் கணினியிலிருந்து வந்தார் என்பதற்கு 256. எண் 1000 கொண்டவரின் வரி எங்கே இருக்கும்? ஆயிரத்தை 292ஆல் பெருக்குங்கள், 2,92,000ஆவது பைட். தேடவே வேண்டாம். ஒரு பெருக்கல், ஒரு தாவல், வந்து சேர்ந்தாயிற்று.

இப்போது ஒரு சிக்கல். பல லினக்ஸ் வகைகளில் ‘நோபடி’ என்றொரு பயனர் உண்டு. பெயருக்கேற்ப யாருமில்லை, எந்த உரிமையும் இல்லாத பெயர் வேண்டும் என்பதற்காக வைத்த பெயர். அதன் எண் பொதுவாக 65534. முந்நூறு பேர் மட்டுமே உள்ள கணினியிலும் இந்த யாருமற்றவருக்கு ஒரு வரி எழுதிவிட்டால், கோப்பு 19 மெகாபைட் வரை நீண்டுவிடும். 64 பிட் ரெட்ஹேட் லினக்ஸில் இதன் இன்னொரு வடிவம் வந்தது. அதன் எண் 4,29,49,67,294. அந்த எண்ணுக்குரிய இடத்தைத் தொட்டதும் லாஸ்ட்லாக் கோப்பின் நீளம் 12,54,13,04,50,140 பைட் என்று காட்டும். கமாவை எங்கே போட்டாலும் ஒன்றேகால் டெராபைட். எண்பது ஜிபி வட்டு மாட்டிய கணினியில், ஒன்றேகால் டெராபைட்டில் ஒரு கோப்பு. முதன்முறை பார்த்த அட்மின்கள் பலருக்குத் தூக்கம் போயிருக்கும்.

உண்மையில் வட்டில் அது பிடித்த இடம் சில கிலோபைட் மட்டும். புறவழிச்சாலை ஓரத்தில் போடுவார்களே மனைப்பிரிவுகள், அதுதான் இது. முகப்பில் தோரண வாயில், உள்ளே கண்ணுக்கெட்டியவரை மனைக்கல், வரைபடத்தில் குறுக்குத் தெருக்கள். போய்ப் பார்த்தால் மூன்று வீடு. வரைபடத்தின்படி நகர் பெரியது, வீட்டுவரி கட்டுவது மூன்று பேர். யூனிக்ஸின் கோப்பு முறைமைக்கும் இந்தக் கலை தெரியும். எழுதாத இடத்துக்கு அது வட்டில் நிலம் ஒதுக்குவதில்லை. கோப்பின் நடுவே பெரும் பள்ளங்களை விட்டுவிட்டு, எழுதிய இடத்துக்கு மட்டும் 4,096 பைட் கொண்ட ஒரு துண்டை ஒதுக்கும். ஒரு துண்டில் 14 பேருடைய வரிகள் அடங்கும். ஒருவர் முதல்முறை உள்ளே வந்தால், அக்கம்பக்கத்து 13 பேருக்கும் சேர்த்து நிலம் கிடைத்துவிடுகிறது.

விவரமில்லாத பேக்கப் மென்பொருளிடம் இந்தக் கோப்பு சிக்கினால் வேடிக்கை. அது பள்ளம் என்று அறியாமல், ஒன்றேகால் டெராபைட் சூன்யத்தை ஒவ்வொரு பைட்டாக எண்ணி எடுத்து வைக்கப் பார்க்கும்.

பள்ளத்தைப் படித்தால் என்ன வரும்? பூஜ்யம். எழுதாத இடமெல்லாம் பூஜ்யமாகவே படிக்கப்படும் என்பது யூனிக்ஸின் விதி. யூனிக்ஸில் நேரம் என்பது 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து (கிரீன்விச் கணக்கு, நமக்கு அதிகாலை ஐந்தரை) ஓடிய நொடிகளின் எண்ணிக்கை. பூஜ்யம் என்றால் அந்த நள்ளிரவு. ஆனால் லாஸ்ட்லாக் கட்டளை பூஜ்யத்தைப் பார்த்ததும் ‘1970இல் வந்தார்’ என்று உளறாது. ‘ஒருபோதும் உள்நுழையவில்லை’ என்று எழுதும். ஒருவர் வரவில்லை என்று அந்தக் கோப்பில் யாரும், எப்போதும் எழுதிவைக்கவில்லை. எழுதாமல் விட்ட பள்ளமே அப்படிப் பேசுகிறது.

90 நாள் கணக்கு

நம் வங்கிகளில் சேமிப்புக் கணக்கை இரண்டு ஆண்டுக்கு மேல் தொடாமல் விட்டால் ‘செயல்படாத கணக்கு’ என்று ஒதுக்கிவிடுவார்கள். பத்து ஆண்டு தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். கணினிக் கணக்குகளுக்குப் பொறுமை இன்னும் குறைவு. கடன் அட்டைத் தகவல்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு விதி, 90 நாள் பயன்படுத்தாத கணக்கை முடக்கவோ நீக்கவோ சொல்கிறது. லாஸ்ட்லாக் கட்டளையிடம் ‘90 நாளுக்கு முந்தையவர்களைக் காட்டு’ என்று கேட்டால் பட்டியல் ஒரே நொடியில் வந்துவிடும்.

பட்டியலை அப்படியே நம்பினால் மாட்டிக்கொள்வோம்.

முதலாவது, லாஸ்ட்லாக் வாசல் வழியே வந்தவர்களைத்தான் அறியும். தினமும் அதே சர்வரில் மின்னஞ்சல் படிக்கும் ஒருவர் திரையைத் திறந்து உள்நுழைந்தே இருக்கமாட்டார். இரவு இரண்டு மணிக்குத் தானாக எழுந்து பேக்கப் எடுக்கும் சேவைக் கணக்கும் அப்படித்தான். பட்டியலில் அவர்கள் ‘ஒருபோதும் வராதவர்கள்’. பட்டியலை நம்பி நீக்கிவிட்டால், மறுநாள் காலை பேக்கப் இருக்காது.

இரண்டாவது பொறி ஒரு பெயரில் இருக்கிறது. பாஸ்வேர்ட் தகவல்கள் உள்ள ‘ஷாடோ’ கோப்பில் ஒருவருக்கு ஒன்பது கட்டங்கள். ஏழாவதை ‘இன்ஆக்டிவ்’ என்று அழைக்கிறார்கள். அதில் 30 என்று போட்டுவிட்டு, 30 நாள் வராதவர் தானாகப் பூட்டப்படுவார் என்று நிம்மதியாகத் தூங்கும் அட்மின்கள் உண்டு. அந்தக் கட்டத்துக்கும் உள்நுழைவுக்கும் சம்பந்தமே இல்லை. பாஸ்வேர்ட் காலாவதியான பிறகு எத்தனை நாள் அவகாசம் என்பதுதான் அது. பாஸ்வேர்டுக்குக் காலாவதியே வைக்கவில்லை என்றால் அந்த 30 ஒருநாளும் எண்ணத் தொடங்காது.

உண்மையில் கடைசி வருகையைப் பார்த்துக் கதவை மூடுவது வேறொரு சிறு நிரல்: ‘பாம் லாஸ்ட்லாக்’. ஒருவர் உள்ளே வர முயலும்போது அது டைரியைப் புரட்டி, 90 நாள் தாண்டியிருந்தால் மறுத்துவிடும். ஆனால் அதற்கும் ஒரு தாராள மனம் உண்டு. டைரியில் பூஜ்யம் இருந்தால், அதாவது அவர் ஒருமுறைகூட வந்ததில்லை என்றால், விட்டுவிடும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளிலேயே வாசலில் நிற்கக் கூடாதல்லவா? நியாயம்தான். ஆனால் வேலைக்குச் சேருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே போனவருக்காகத் திறந்த கணக்கும், எளிதாக ஊகிக்கக்கூடிய தொடக்கப் பாஸ்வேர்டுடன், அதே சலுகையில் ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கும்.

அதனால் அனுபவசாலிகள் உடனே நீக்குவதில்லை. முதலில் பூட்டிவிட்டு, யாராவது கத்துகிறார்களா என்று சில வாரம் பார்ப்பார்கள். பட்டியலில் உள்ள பெயரை எடுத்துக்கொண்டு மனிதவளத் துறைக்குப் போன் போட்டுக் கேட்பவர்கள் அவர்களிலும் கெட்டிக்காரர்கள். மகப்பேறு விடுப்பில் இருக்கிறாரா, ஓய்வு பெற்றுவிட்டாரா, இறந்தே போய்விட்டாரா என்பது சர்வருக்குத் தெரியாது.

ஓர் ஆச்சரியக்குறி

பூட்டுவது என்றால் என்ன? லினக்ஸில் அதற்கான கட்டளை செய்யும் வேலை மிகச் சிறியது. ஷாடோ கோப்பில் சங்கேதமாக்கி வைத்திருக்கும் பாஸ்வேர்டுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறியைப் போடும். அவ்வளவுதான். அந்தக் குறியோடு எந்தப் பாஸ்வேர்டும் பொருந்தாது. திறக்கவேண்டுமானால் அந்தக் குறியை எடுத்துவிட்டால் போதும், பழைய பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும்.

ஆனால் இது முன்வாசல் பூட்டு. பலர் பாஸ்வேர்டே இல்லாமல், எஸ்எஸ்எச் சாவி என்ற கோப்பை வைத்து உள்ளே வருகிறார்கள். பல அமைப்புகளில் ஆச்சரியக்குறி அந்தச் சாவியைத் தடுக்காது. கணக்கை முழுதாக மூட, அதன் காலாவதித் தேதியில் 1 என்று எழுதச் சொல்கிறது கையேடு. அந்தத் தேதிகள் 1970 ஜனவரி 1லிருந்து நாளாக எண்ணப்படுபவை. 2025 புத்தாண்டு நாள் அந்தக் கணக்கில் 20,089. ஒன்று என்றால் 1970 ஜனவரி 2. ஊழியர் பிறப்பதற்கு முன்பே அவருடைய கணக்கு காலாவதியாகிவிட்டது என்று எழுதிவைத்தால்தான் யூனிக்ஸ் முழு மனதோடு கதவைச் சாத்துகிறது.

நீக்கிவிட்டால் எல்லாம் முடிந்ததா? பெயரைத்தான் நீக்குகிறோம். அவர் விட்டுச்சென்ற கோப்புகளின் மேல் உரிமையாளராகப் பதிந்திருப்பது எண். பெயர் போனதும் அந்த இடத்தில் 1007 என்று வெறும் எண் தெரியும். நாளைக்கு வரும் புதியவருக்கு அதே 1007 கொடுக்கப்பட்டால், முன்பின் தெரியாத ஒருவரின் கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் அவர் வாரிசாகிவிடுவார். அதனால்தான் கவனமுள்ள இடங்களில் கணக்கைப் பூட்டுவார்கள். எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை.

மறுபடி ஒரு 75

இதெல்லாம் பழைய பெர்க்லிக் கதை என்று நினைக்கவேண்டாம். 2021 மே 7. அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் பகுதி வரை பெட்ரோலும் டீசலும் கொண்டுபோகும் கொலோனியல் குழாய்ப் பாதை நிறுத்தப்பட்டது. சுமார் 8,850 கிலோமீட்டர் நீளம். கிழக்குக் கரையில் பெட்ரோல் நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டன. கணினிகளை முடக்கிய டார்க்சைட் கும்பலுக்கு நிறுவனம் கொடுத்த தொகை 75 பிட்காயின். அன்றைய மதிப்பில் 44 லட்சம் டாலர்.

அவர்கள் நுழைந்தது எப்படி? வெளியிலிருந்து நிறுவன வலையமைப்புக்குள் வர உதவும் ஒரு பழைய விபிஎன் கணக்கு. அதைப் பயன்படுத்துவதை நிறுத்தியிருந்தார்கள், மூடத்தான் இல்லை. பாஸ்வேர்டைத் தவிர இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் அதற்கு இல்லை. 1986இல் 75 சென்ட் வித்தியாசத்தை ஒருவர் துரத்தினார். 35 ஆண்டு கழித்து அதே வகைக் கவனக்குறைவுக்கு விலை 75 பிட்காயின்.

டைரியை மாற்றும் காலம்

லாஸ்ட்லாக் என்ற அந்த டைரிக்கே இப்போது வயதாகிவிட்டது. நேரத்துக்கு ஒதுக்கிய 4 பைட்டில், எதிர்ம எண்களுக்கும் இடம் விட்டால், அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. அத்தனை நொடிகள் 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு முடிந்துவிடும். அடுத்த நொடியில் கணக்கு தலைகீழாகி 1901க்குப் போய்விடும். அப்புறம் எல்லோருமே நூற்று முப்பத்தாறு ஆண்டாக வராதவர்கள்தான்.

அதனால் 2024இல் லினக்ஸின் அடிப்படைக் கருவித் தொகுப்பில் ‘லாஸ்ட்லாக்2’ வந்து சேர்ந்தது. மனைக்கற்களுக்குப் பதில் இதில் ஒரு சிறு தரவுத்தளம். வந்தவர்களுக்கு மட்டும் வரி இருக்கும். பள்ளமும் இல்லை, ஒன்றேகால் டெராபைட் மாயமும் இல்லை. நேரத்துக்கும் தாராளமாக இடம். பழைய கோப்பின் அழகு போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பேக்கப் எடுப்பவர்களுக்கு இருக்காது.

கோப்பு மாறினாலும், அது இருப்பதற்கான முதல் காரணம் மாறவில்லை. லாஸ்ட்லாக் அட்மின்களின் பட்டியலுக்காக மட்டும் உருவானதல்ல. யூனிக்ஸில் நீங்கள் உள்நுழைந்ததும் முதலில் ஒரு வரி வரும்: நீங்கள் கடைசியாக வந்தது இன்ன நாள், இன்ன நேரம், இன்ன கணினியிலிருந்து. வங்கியின் இணையப் பக்கமும் மூலையில் இப்படி ஒரு வரியைக் காட்டும். நாம் யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் அந்த வரியைச் சரிபார்க்க முடிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். நேற்று இரவு பதினொரு மணிக்கு நான் வந்தேனா என்பது அட்மினுக்குத் தெரியாது, எந்த மென்பொருளுக்கும் தெரியாது. எனக்குத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கூட அதைப் படித்தால், ‘நான் வரவே இல்லையே’ என்று சொல்லிவிடுவார்.

செயலற்ற கணக்கில் அந்த வரி வருகிறது, படிக்க வேண்டியவர் வருவதில்லை. பெர்க்லியில் திருடன் உள்ளே வந்த ஒவ்வொரு முறையும், ஸ்வென்டெக்குக்காக எழுதிய அந்த வரியைத் திருடன்தான் படித்திருப்பான். அதில் இருந்ததும் அவன் வந்துபோன நேரமே.